பயப்படச் சொன்னவர்

அந்த டாக்டரம்மாவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருந்தாளுநராக இருந்தபோது, வட்டார மருத்துவ அலுவலராக அவர் வந்து சேர்ந்தார். சேர்ந்த அன்று மற்ற அதிகாரிகளைப் போல நாற்காலியைத் துடைக்கச் சொல்லவில்லை, மேசைமேல் சாமி படம் வைக்கவில்லை. கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "பின்கதவு எங்க சார்?" என்று என்னிடம் கேட்டார். பின்கதவுக்கு முன்னால் உடைந்த கட்டில்களை அடுக்கி வைத்திருந்தோம். அவற்றை எல்லாம் நகர்த்தி, சாவி கிடைக்காமல் பூட்டை உடைத்து, கதவு திறந்து மூடுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் உட்கார்ந்தார். நல்ல தலைவலி வந்து வாய்த்திருக்கிறது என்று நர்சிடம் முணுமுணுத்தேன்.

எங்கே போனாலும் அவருக்கு அதே வேலைதான். எங்கள் லேப் டெக்னீஷியன் கல்யாணம் பொதட்டூர்பேட்டையில் நடந்தது. பந்தியில் எல்லாரும் உட்கார்ந்தாயிற்று, இலையில் பாயசம் விட்டாயிற்று. டாக்டரம்மா மட்டும் நின்றுகொண்டு, பக்கவாட்டுக் கதவைத் திறக்கச் சொல்லி மண்டபத்து மேனேஜரிடம் மன்றாடிக்கொண்டிருந்தார். "இத்தனை ஜனம், ஒரே வாசல். அடுப்பு பத்திக்கினா எப்படிப் போவாங்க?" என்று அவர் சொன்னது அரைகுறையாக யார் காதிலோ விழுந்து, பந்தியில் பாதிப் பேர் எச்சில் கையோடு எழுந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் மாமா என்னிடம் வந்து, "இன்னா சார், ஒங்க டாக்டரம்மா நல்ல நாளும் அதுவுமா இப்படிப் பேஜார் பண்றாங்க?" என்றார். மேனேஜர் கதவைத் திறந்துவிட்டார். டாக்டரம்மா அந்தக் கதவை ஒட்டியே ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட்டார்.

அவர் பள்ளிப்பட்டுக்காரர். அந்த ஆந்திர எல்லையோரத்து வழக்கப்படி, வைத்தியத்துக்கு வருகிற ஆண்கள் எல்லாரும் அவருக்கு நைனாதான். காய்ச்சலோடு வருகிறவர், "பயம் ஒண்ணும் இல்லியே டாக்டரம்மா?" என்பார். நம் ஊரில் அது கேள்வியே அல்ல, இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்கிற கெஞ்சல். எந்த டாக்டரும் அந்தக் கெஞ்சலுக்கு இரங்கிவிடுவார். இவர் இரங்க மாட்டார். "பயம் இருக்குது நைனா. நல்லா பயப்படு. பயந்தாத்தான் தண்ணித் தொட்டிய மூடி வெப்ப," என்பார். வந்தவர் வெளிறிப்போய் மருந்துச் சீட்டோடு என் ஜன்னலுக்கு வருவார். நான்தான் மாத்திரையோடு கொஞ்சம் ஆறுதலும் சேர்த்துக் கொடுத்தனுப்ப வேண்டியிருக்கும்.

ஒரு மழைக்காலத்தில் டெங்கு பரவியது. மாவட்டத்திலிருந்து நோட்டீஸ் அச்சடித்து அனுப்பினார்கள். கடைசி வரி, வழக்கம்போல, பொதுமக்கள் அச்சப்படத் தேவையில்லை. டாக்டரம்மா கத்தரிக்கோலை எடுத்து அந்த வரியை மட்டும் வெட்டிவிட்டு மீதியைப் பலகையில் ஒட்டினார். யாரோ ஒரு நிருபர் அதைப் படம் எடுத்துப் போட்டுவிட்டார். திருவள்ளூரிலிருந்து போன் வந்தது. அந்தப் பக்கம் கத்துகிற சத்தம் என் மருந்து அறை வரைக்கும் கேட்டது. இவர் பொறுமையாக, "சார், எனக்கே பயமா இருக்குது. ஜனங்களுக்கு வேணாம்னு நான் எப்படி எழுதறது?" என்றார். அதற்கு ஒரு மெமோ வந்தது.

அவர் ஏன் அப்படி ஆனார் என்று பலரும் பலவிதமாகச் சொல்வார்கள். கொரோனா சமயத்தில் ஒரு நோயாளிக்குத் தைரியம் சொல்லிவிட்டுத் திரும்பும்போது ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது, அதிலிருந்துதான் இப்படி என்று எங்கள் டிரைவர் கதை சொன்னார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒருமுறை அவருடைய கணவர் வந்திருந்தபோது பேச்சுவாக்கில் கேட்டேன். "கல்யாணம் ஆன புதுசுலயே ராத்திரி கேஸை மூடினியா மூடினியான்னு கேட்டு என் தூக்கத்தக் கெடுப்பாங்க சார்," என்று சிரித்தார். சில பேர் உயரமாக இருக்கிறார்கள், சில பேருக்குச் சுருட்டை முடி. இவருக்குப் பயம்.

ஆனால் இந்தப் பயம் வீட்டில் முடங்குகிற பயம் இல்லை, ஊரைக் கிளப்புகிற பயம். ஆலைகளில் விஷவாயு கசிந்தால் செய்ய வேண்டிய அவசரகாலத் திட்டம் பற்றி கலெக்டர் ஆபீசில் கூட்டம் நடந்தபோது அவரோடு நானும் போயிருந்தேன். ஆலைக்காரர் ஒருவர் எழுந்து, தங்களிடம் ஆம்புலன்ஸ் எப்போதும் தயார் என்றார்.

"டிரைவர்?" என்றார் டாக்டரம்மா.

"ஷிப்ட்ல இருப்பாரு மேடம்."

"கேஸ்ல அவரே மயங்கிட்டா?"

"வேற ஒருத்தரக் கூப்பிடுவோம்."

"கூப்பிட்டு அவரு வர்றதுக்குள்ள?"

"அப்புறம் கடவுள்தான் மேடம்," என்றார் அவர். கூட்டம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். டாக்டரம்மா திட்டத்தின் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அவரு போன் நம்பர் இதுல இல்லியே சார்," என்றார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது ஜீப்பில் முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டே வந்தார்.

அவருடைய பயமெல்லாம் ஓர் இடத்தில் வந்து குவிந்திருந்தது. எங்கள் எல்லைக்குள் இறாலை உறையவைத்து ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனி இருந்தது. குளிரூட்டுவதற்கு அங்கே குழாய்களில் அம்மோனியா ஓடும். அது வெளியே வந்தால் கண் எரியும், தொண்டை அடைக்கும், நிறைய இழுத்துவிட்டால் நுரையீரலில் நீர் கட்டும். கம்பெனிக்குத் தெற்கே ஒரு காலனி. ஒரு காலத்தில் நெல்வயலில் கூலி வேலை பார்த்த குடும்பங்கள், இப்போது ஆளுக்கொரு கம்பெனியில் கான்ட்ராக்ட். கம்பெனிக்கு மேற்கே, ரோட்டைத் தாண்டினால் அரசுப் பள்ளி மைதானம். கேஸ் கசிந்தால் காலனி ஜனங்கள் எங்கே போவது என்பதுதான் அவர் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி.

காற்று வருகிற திசையில் போய் நின்றால் கேஸ் நம் பக்கம் வராது. காற்று மேற்கேயிருந்து அடிக்கிறது, ஆகவே பள்ளி மைதானம் என்று முடிவாயிற்று. பிறகு அவர் செய்ததுதான் பெரிய வேலை. பொதுவாக இந்தப் பேரிடர் ஒத்திகைகள் எப்படி நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். சைரன் ஊதும், ரெண்டு பேர் ஸ்ட்ரெச்சரில் படுத்துச் சிரிப்பை அடக்குவார்கள், அதிகாரிகள் படம் எடுத்துக்கொள்வார்கள், பிஸ்கட் பாக்கெட் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். டாக்டரம்மா அதற்கு ஒப்பவில்லை. தெருவுக்கு ஒரு பெண்ணைத் தலைவியாக்கினார். மைதானத்தில் எந்தத் தெரு எங்கே வரிசையில் நிற்பது என்று சுண்ணாம்பில் கோடு போட்டார். நீளமாக ஒரு விசில் அடித்தால் பேச்சை நிறுத்தி அசையாமல் நிற்க வேண்டும். தலைவி தலைகளை எண்ணி, எல்லாரும் இருக்கிறார்கள் என்று கையைத் தூக்க வேண்டும். அதன் பிறகுதான் பஸ்ஸில் ஏறலாம். "யாரோ ஒருத்தர் விட்டுப்போயிடுவாங்க சார். யாரோ ஒருத்தர் கக்கூஸ்ல இருப்பாங்க," என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். அந்த ஒருத்தருக்காகத்தான் இத்தனை எண்ணிக்கையும்.

நடுத்தெருத் தலைவி எஸ்தர். அட்டைப்பெட்டிக் கம்பெனியில் பேக்கிங் வேலை, முப்பதைத் தாண்டிய வயசு, ஊசிப் பட்டாசு மாதிரி பேச்சு. ஆரஞ்சுச் சட்டையும் விசிலும் கொடுத்ததும் ஆளே மாறிப்போனாள். ஒத்திகைக்கு ஒத்திகை என்று டாக்டரம்மா வந்து வந்து நடத்தினார், எஸ்தர் மாமியாரைக்கூட வரிசையில் நேராக நிற்கச் சொல்லி விரட்டினாள். கடைசியில் அதிகாரிகள் முன்னால் நடந்தபோது காலனி மொத்தமும் பட்டாளம் மாதிரி வந்து நின்றது. மாவட்டத்துக்கே மாதிரி ஒத்திகை என்று பாராட்டினார்கள். பிள்ளைகள் சாயங்காலம் தெருவில் அதையே விளையாட ஆரம்பித்தார்கள். அன்று ஒருநாள்தான் டாக்டரம்மா பயமில்லாமல் டீ குடித்ததைப் பார்த்தேன்.

அதற்கப்புறம் ஒரு பிற்பகல் காலனியில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தோம். கம்பெனி வாசலுக்குப் பக்கத்தில் யாரோ குப்பையைக் கொளுத்தியிருந்தார்கள். டாக்டரம்மா தற்செயலாகத் தலையைத் தூக்கிப் பார்த்தார், அப்படியே நின்றுவிட்டார். அந்தப் புகை தரையோடு தரையாக ரோட்டைத் தாண்டி, பள்ளி மைதானத்தின் மேல் போய்ப் படுத்துக்கொண்டிருந்தது.

"சார், காத்து எந்தப் பக்கமிருந்து வருது?" என்றார். குரல் அவருடையதாகவே இல்லை.

"கெழக்கேர்ந்து மேடம். மத்தியானத்துக்கு மேல கடல்காத்துதானே," என்றேன். நான் ஆரம்பாக்கத்துக்காரன். பழவேற்காட்டுப் பக்கமிருந்து அந்தக் காற்று வந்தால்தான் எங்களுக்குப் பகல் சூடு தணியும். அந்தக் காற்றை நம்பித்தான் சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

ஒத்திகை எல்லாம் காலையில் நடந்தது. திருவள்ளூரிலிருந்து அதிகாரிகள் நாஷ்டாவை முடித்துக்கொண்டு வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட வேண்டும், அதனால் காலை. காலையில் காற்று மேற்கு. மத்தியானத்துக்கு மேல் அதே காற்று திரும்பிக்கொள்கிறது. பிற்பகலில் கேஸ் கசிந்தால் காலனிக்கு அநேகமாக ஒன்றும் ஆகாது. வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருப்பவன் பிழைப்பான். சொன்ன பேச்சைக் கேட்டு மைதானத்தில் வரிசையாக நிற்பவன்தான் மாட்டிக்கொள்வான். டாக்டரம்மா தடுப்பூசிப் பெட்டிமேல் உட்கார்ந்து, "நான் போய் நில்லுங்கன்னு சொல்லிக் குடுத்துட்டேனே சார்," என்றார்.

பிற்பகலில் இன்னொரு ஒத்திகை வேண்டும் என்று எழுதினார், நேரில் போய்க் கேட்டார். மாதிரி ஒத்திகை நடந்து முடிந்த இடத்தில் மறுபடி எதற்கு, மத்தியானத்துக்கு மேல் எல்லாருக்கும் ஆய்வுக் கூட்டம் இருக்கிறது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். அவர் வீடு வீடாக இறங்கினார். காலையில் சைரன் ஊதினால் மைதானம், மத்தியானத்துக்கு மேல் ஊதினால் மைதானம் பக்கமே போகக்கூடாது, தெற்கே ரயில்வே கேட்டைப் பார்த்து நடக்க வேண்டும். ஜனங்கள் குழம்பிப்போனார்கள். ஒரு பெரியவர், "இன்னா டாக்டரம்மா, காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு சொல்ற? கேஸ் இன்னா டைம் பாத்துக்கினா வரப்போவுது?" என்று சிரித்தார். எஸ்தரிடமும் சொன்னார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆனால் காதால் கேட்டது ஒருமுறை. காலால் நடந்து பழகியது பலமுறை.

கோடை விடுமுறையில் ஒருநாள் பிற்பகல் அது நடந்தது. நான் மருந்து இருப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மாவின் போன் அடித்தது. எஸ்தர்தான். பின்னால் சைரன் கேட்டது. "மேடம், கேஸ் வந்துட்ச்சி. பயப்படாதீங்க, எல்லாரையும் க்ரவுண்டுக்குக் கூப்டுக்கினு போய்க்கினே இருக்கேன்," என்றாள். குரலில் அவ்வளவு பெருமை. "வேணாம் எஸ்தர், வேணாம்!" என்று இவர் அலறுவதற்குள் லைன் போய்விட்டது. மறுபடி மறுபடி அடித்தார். அங்கே யாரும் எடுக்கவில்லை.

ஜீப்பில் பறந்தோம். பள்ளிக்கூடம் நெருங்க நெருங்க நாற்றம் மூக்கைக் குத்தியது, பிறகு கண்ணைக் குத்தியது. ஈரத் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு இறங்கினோம். நான் பார்த்ததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. கலவரம் ஏதும் இல்லை. ஒருவரும் ஓடவில்லை. சுண்ணாம்புக் கோடு அழிந்துபோயிருந்தும் அவரவர் தெரு வரிசையில் அவரவர் நின்றுகொண்டிருந்தார்கள். சொல்லிக்கொடுத்தபடி முந்தானையையும் கைக்குட்டையையும் நனைத்து மூக்கில் வைத்திருந்தார்கள். குழந்தைகள் இருமின. இருமிக்கொண்டே நின்றன.

"போங்க! இங்க நிக்காதீங்க, போங்க!" என்று டாக்டரம்மா கத்தினார்.

எஸ்தரின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் விரல் நீட்டித் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். "இருங்க மேடம், இன்னும் எண்ணி முடிக்கல. எங்க தெருவுல ரெண்டு பேர் கொறையுறாங்க," என்றாள்.

டாக்டரம்மா அவள் கழுத்திலிருந்த விசிலைப் பிடுங்கி, மூச்சு உள்ளவரை நீளமாக ஊதினார். பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று அவருக்கே உறைத்தது. நீள விசில் கேட்டதும் பேசிக்கொண்டிருந்தவர்களும் பேச்சை நிறுத்தினார்கள். அழுத குழந்தையின் வாயை ஒரு தாய் பொத்தினாள். எல்லாரும் இன்னும் விறைப்பாக, அசையாமல் நின்றார்கள்.

டாக்டரம்மா விசிலை எறிந்தார். மூக்கிலிருந்த துணியை உருவி எடுத்தார். சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, "அய்யோ! எனக்குப் பயமா இருக்குது! நான் போறேன்!" என்று வாய்விட்டு அலறியபடி, தெற்கே, காலனியைப் பார்த்து ஓட ஆரம்பித்தார். அது நடிப்பில்லை. அந்த முகத்தில் இருந்ததெல்லாம் நிஜமான பயம். ஓர் அதிகாரி தங்கள் கண்முன்னால் உயிருக்குப் பயந்து ஓடுவதை அந்த ஜனங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு நொடி திகைத்தார்கள். அப்புறம் வரிசை உடைந்தது. செருப்பை விட்டுவிட்டு, பிள்ளைகளை இடுப்பில் அள்ளிக்கொண்டு, மொத்தக் கூட்டமும் அவர் பின்னால் ஓடியது. கிழவர்களை நானும் டிரைவரும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனோம். ரயில்வே கேட்டுக்கு வந்து மூச்சு வாங்கியபோது அங்கே நாற்றம் துளியும் இல்லை. கடல்காற்று சுகமாக அடித்துக்கொண்டிருந்தது.

"எஸ்தர் எங்க?" என்று டாக்டரம்மா கேட்டபோதுதான் எல்லாரும் திரும்பிப் பார்த்தோம்.

அவள் வரவில்லை. குறைந்த அந்த இரண்டு பேரைத் தேடி, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கக்கூஸ் பக்கம் போயிருக்கிறாள். தீயணைப்புக்காரர்கள் முகமூடியோடு போய் அவளைத் தூக்கிவந்தார்கள். அந்த இரண்டு பேர், புருஷனும் பெண்டாட்டியும், காலனியில் தங்கள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்கள். நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு வந்தவர்கள், சைரனே கேட்கவில்லையாம்.

உயிர்ச்சேதம் இல்லை, ஏற்கெனவே நடத்திய ஒத்திகையால் மக்கள் ஒழுங்காக வெளியேறினார்கள் என்று மறுநாள் அறிக்கை வந்தது. டாக்டரம்மாவுக்குப் பாராட்டுச் சான்றிதழ் என்றார்கள். அவர் வாங்கப் போகவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு, சென்னையில் எஸ்தரைச் சேர்த்திருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். அவருக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றல் வந்துவிட்டிருந்தது. அதைச் சொல்லிக்கொள்ளவும்தான்.

எஸ்தர் பாதியாகியிருந்தாள். ஆக்சிஜன் மாஸ்க்கை இறக்கிவிட்டுக்கொண்டு, "மேடம், அந்த ரெண்டு பேரு?" என்றாள் முதல் கேள்வியாக.

"நல்லா இருக்காங்கம்மா. ஊட்லதான் தூங்கிக்கினு இருந்தாங்க."

எஸ்தர் சிரிக்கப் பார்த்தாள். அது இருமலாகி, அடங்க வெகுநேரம் ஆயிற்று. டாக்டரம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். "நீ செஞ்சதெல்லாம் சரிம்மா. நான் சொல்லிக் குடுத்ததுதான் தப்பு," என்றார். அழுதுவிடுவார் போலிருந்தது.

எஸ்தர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் யோசனை வேறு எங்கோ இருந்தது. "மேடம், அந்தக் கம்பெனி மறுபடி ஓட ஆரம்பிச்சிட்ச்சாம். எங்க ஊட்டுக்காரரு வந்து சொன்னாரு. அடுத்த தபா சைரன் அடிச்சா நாங்க நிக்கணுமா, ஓடணுமா? அத்த மட்டும் ஒரே வார்த்தையா சொல்லிட்டுப் போங்க," என்றாள்.

"ஓடு. காத்துக்குக் குறுக்கால, பயந்து ஓடு. எனக்காகவும் நிக்காத, எவன் வந்து சொன்னாலும் நிக்காத."

எஸ்தர் கொஞ்ச நேரம் மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். பிறகு கேட்டாள்: "நான் ஓடிட்டா, விட்டுப்போனவங்கள யாரு மேடம் எண்றது?"

டாக்டரம்மா இறங்கிக் கிடந்த மாஸ்க்கை எடுத்து அவள் மூக்கில் பொருத்தினார்.